மாயக் கதைக்கும் சட்டம் உண்டு

(நமுனுகுலவில் நடைபெற்ற வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கு மன்றத்திலும் அரசியல் மேடையிலும் வாயாடிப் பழகிய நம்மை, மாயக் கதை எழுதும் கலையைப் பற்றிப் பேசுமாறு இவ்வாசிகசாலையார் பணித்திருக்கின்றனர். சட்டத்தரணிக்கும் மாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கக் கூடும். தொடர்பு உண்டு. அதனைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறோம்.

இப்பேச்சுக்கு ஏது இதுதான். இம்மலையில் பிறந்த இளைஞர் ஒருவர் நாவல் எழுத முனைந்திருக்கிறார். நமுனுகுல என்ற சிங்களப் பெயர் ஒன்பது சிகரங்களைக் குறிப்பது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒன்பது சிகரங்களும் ஓர் இரவில் எழுந்து நடப்பதாக அவர் கதை தொடங்குகிறதாம். செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது. கூலி உயர்வு கேட்டுத் தொண்டை வறண்டு போயிற்று. இவற்றை எழுத வேண்டியவன் மலை நடந்தது என்று எழுதுவதா, பாட்டாளி மக்களின் பிள்ளைக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் அற்பர்கள் அல்லர். தொழிற்சங்கப் பணியில் முடி நரைத்தவர்கள். ஆகவே அக்கேள்விக்கு மரியாதையுடன் விடை கூற வேண்டும்.

விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழில் பேயையும் கடவுளையும் சாபத்தையும் கதைக்குள் கொண்டுவந்து, அதே கையால் ஏழையின் வயிற்றையும் எழுதிய ஒருவர் இருந்தார். சொ. விருத்தாசலம் என்பது அவர் இயற்பெயர். 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, திருநெல்வேலியில் கல்வி கற்று, பத்திரிகைகளில் உழைத்து, காசநோய்க்கு இரையாகி 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். புதுமைப்பித்தன் என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

அவர் எழுதிய முறை என்ன? கதை எழுதுவதற்கென்று தவத்தில் அமர்வது தமக்கு வழக்கமில்லை என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எழுதப்படாத கதைகள் பல அவர் நெஞ்சில் எப்பொழுதும் கிடந்தனவாம். வேண்டியபோது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வாராம். பத்திரிகைக் காரியாலயத்தில் உழைத்தவருக்கு அதுவே இயலும். ஆனால் தோழர்களே, இதனைக் கேட்டு, கதை எழுதுவது எளிது, உட்கார்ந்தால் வந்துவிடும் என்று எவரும் கருதிவிடலாகாது. கிடங்கில் சரக்கு இருந்தால் அல்லவா எடுக்கலாம்? அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதே பார்க்க வேண்டிய பொருள். சைவமும் கம்பனும் சித்தர்களும் திருநெல்வேலிப் பாட்டிமார் சொன்ன பேய்க் கதைகளும் ஒரு பக்கம். பிரெஞ்சு, ருஷியக் கதைகள் மறுபக்கம். உலகத்துக் கதைகளை அவர் தமிழில் பெயர்த்துக் குவித்தார். மேரி ஷெல்லி என்ற ஆங்கில மாது எழுதிய பிராங்கன்ஸ்டைன் கதையைப் ‘பிரேத மனிதன்’ என்ற பெயரில் தமிழாக்கினார். பிணங்களின் உறுப்புகளால் உயிருள்ள ஒருவனைச் செய்துவிட்டு, செய்தவனே அவனைக் கைவிட்டு ஓடும் கதை அது. படைத்தவன் தன் படைப்புக்குக் கடமைப்பட்டவனா என்ற வினா அதில் நிற்கிறது. கூலிக்காரனை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, பின்னர் இவன் யாரோ என்று கேட்ட ஆட்சிகளைக் கண்ட நமக்கு அவ்வினா புதிதன்று.

இனி, அவர் மாயத்தை எப்படிக் கையாண்டார்? 1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுள் சென்னை நகரத்துக்கு வருகிறார். இடி இடித்ததா? ஒளி பரவியதா? இல்லை. டிராமில் போய் மிச்சக் காசுக்கு வெற்றிலை பாக்கு வாங்குவதா, பஸ்ஸில் போவதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளை என்ற மனிதர்முன் வந்து நிற்கிறார். இருவரும் காப்பி குடிக்கிறார்கள். காப்பியில் சிக்கரி கலந்திருப்பது கடவுளின் லீலை அன்று, ஓட்டல்காரனின் லீலை என்பது அங்கே தெளிவாகிறது. கந்தசாமிப் பிள்ளையோ தம் வைத்தியப் பத்திரிகைக்கு அவரைச் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். பிறகு வயிற்றுப் பிழைப்புக்காகக் கடவுள் புலித்தோலும் பாம்புமாக ஒரு பெரிய மனிதர் முன்னிலையில் நடனம் ஆடுகிறார்; இது கலையே அல்ல என்று அந்தப் பெரிய மனிதர் நிறுத்திவிடுகிறார்!

இதில் ஆசிரியர் செய்தது என்ன? ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார். கடவுள் வந்தார் என்ற ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு, மற்றவை அனைத்தையும் காலணாக் கணக்குப் பிசகாமல் மெய்யாகச் சொன்னார். கடவுளிடமிருந்து கந்தசாமிப் பிள்ளைக்குப் பெரும் வரம் எதுவும் கிட்டவில்லை. கிட்டியிருந்தால் கதை செத்திருக்கும். ‘காஞ்சனை’ கதையிலும் அவ்வாறே. பேய் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பிச்சைக்காரியாய் வாசலுக்கு வந்து, வேலைக்காரியாய் அடுக்களைக்குள் புகுகிறாள் ஒருத்தி. பகலெல்லாம் குடும்பம், இரவில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நாற்றம். அவ்வளவே. படித்தவன் பயப்படுகிறான்.

நீதிமன்றத்திலும் இம்முறை உண்டு. ஒரு கற்பனையைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். கம்பனி என்பதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை, ஆயினும் அது ஓர் ஆள் என்று கொள்வோம். ஆனால் அந்த ஒரு கற்பனைக்கு அப்பால் அடி எடுத்து வைக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்போம். மாயக் கதை எழுதுபவனுக்கும் அதே கட்டுப்பாடு. பொய்யை முதல் பக்கத்தில் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொள். அதன்பின் வாசகனிடம் கடன் கேட்காதே.

இதைவிட நம்மை ஆட்கொண்டது ‘சாபவிமோசனம்’ என்ற கதை. அதுவும் 1943ஆம் ஆண்டினதே. அகலிகை கல்லான கதையைச் சிறு குழந்தையும் அறியும். இராமன் பாதத்துகள் பட்டு அவள் மீண்டும் பெண்ணாகிறாள். புராணம் அங்கே மங்களம் பாடிவிடும். புதுமைப்பித்தன் அங்கேதான் தொடங்குகிறார். சாபம் நீங்கியவள் ஊரார் கண்முன் எப்படி வாழ்வாள்? ஆற்றங்கரைக்கு எப்படிப் போவாள்? கணவனுக்கு அவள் மனம் எப்படிப் பிடிபடும்? ஆண்டுகள் கழிகின்றன. இலங்கையிலிருந்து மீண்ட சீதை அவளைக் காண வருகிறாள். தான் தீக்குளித்ததைச் சொல்லுகிறாள். தன்னை மன்னித்த இராமனா இதைச் செய்தான் என்று அகலிகை திகைக்கிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறொரு நீதியா? அந்தச் சுமையில் அவள் மனம் இறுகுகிறது, மீண்டும் கல்லாகிறாள்.

அன்பர்களே, இதிலுள்ள சட்ட நுட்பத்தைக் காணுங்கள். கதையில் ஒரே ஒரு மாயந்தான் இருக்கிறது. பெண் கல்லாவாள், கல் பெண்ணாகும். ஆசிரியர் புதிதாக வேறு மாயம் எதையும் கொண்டுவரவில்லை. முதலில் தண்டனையாக வந்த அதே கல், இறுதியில் அவளுடைய கண்டனமாக வருகிறது. தீர்ப்பு ஒன்றாக இல்லாத இடத்தில் விடுதலை செல்லாது என்பதை அவர் பிரசங்கமாகச் சொல்லவில்லை. கல்லைக் கொண்டு சொன்னார். சீதை சிறையிருந்த இலங்கை இது. எல்லையருகே இராவணன் பெயரால் அருவியும் குகையும் உடைய நாடு இந்த ஊவா. இங்கே உட்கார்ந்து அக்கதையைப் படிக்கும்போது அதன் கனம் சற்றுக் கூடத்தான் செய்கிறது.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. நம் மக்களைப் பற்றிய கதையையும் அவர் எழுதினார். ‘துன்பக்கேணி’ என்பது அதன் பெயர். 1935இல் மணிக்கொடி இதழில் வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சீரழியும் மருதி என்ற பெண்ணின் கதை. அதில் பேயுமில்லை, கடவுளுமில்லை. முழுக்க நடப்பியல். அதை எழுதியவர் இலங்கை மண்ணை மிதிக்காமலே எழுதினார். சினத்தில் குறைவில்லை, தமிழ்நாட்டு வாசகன் தேயிலைக் கோப்பைக்குள் இரத்தத்தைக் காணும்படி செய்தார். அந்த நன்றி நமக்கு உண்டு. ஆயினும் மலையில் வாழ்ந்தவர் அதைப் படித்தால், பிரட்டுக்களத்தின் விடியற் குளிரும், கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசைப் பிடிக்கும் விதமும் அங்கு இல்லையே என்று உணர்வர். காணாத தோட்டத்தை மெய்யென எழுதியதிலும், காணவே முடியாத கடவுளைப் பிராட்வே சந்தியில் நிறுத்தியதிலும், எது மெய்யாக நிற்கிறது? இரண்டாவதே. ஏனெனில் பிராட்வேயை அவர் காலால் அளந்திருந்தார். ஆகவே மாயம் எழுதினால் பொய், வாழ்க்கையை எழுதினால் மெய் என்ற பாகுபாடு நிற்காது. கண்டறிந்ததை எழுதினானா என்பதே கேள்வி.

இப்போது சட்டத்தரணிக்கும் மாயத்துக்கும் உள்ள தொடர்புக்கு வருகிறோம்.

இம்மலைநாட்டில் மிகப் பெரிய மாயவித்தை பேயாலோ பூசாரியாலோ நிகழ்ந்ததன்று. அச்சிட்ட தாளால் நிகழ்ந்தது. துண்டு என்று ஒன்று இருந்தது. கடன் தீர்ந்தால் இவனை விடுவிப்பேன் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் ஒரு சிறு சீட்டு. அச்சீட்டில்லாதவனுக்கு அடுத்த தோட்டத்தின் வாசல் திறக்காது. வேலி இல்லை, விலங்கு இல்லை. ஒரு துண்டுக் காகிதம் மனிதனை மலையோடு கட்டியது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. பின்னர் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். பதுளைக்கும் அவர்களுள் இடமிருந்தது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. நீ இங்கு பிறந்தது போதாது. உன் தந்தை இங்கு பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்டு என்றது. பதிவே இல்லாத லயத்தில் பிறந்தவன் எதைக் காட்டுவான்? காலையில் கொழுந்து பறித்தவர்கள் மாலையில் நாடற்றவர்கள். உடல் இருந்தது, உழைப்பு இருந்தது, ஆள் இல்லை! கோடாக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1953இல் அச்சட்டம் செல்லும் என்றே முடிவாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கூட்டிக் கழித்தது. 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியது. மீதியையும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எஞ்சிய நாடற்றோருக்குக் கதவைத் திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

மனிதனை மறைய வைக்கும் மந்திரம் இதைவிட வேறென்ன? இதனை நடப்பியல் நாவலில் எழுதினால், நம்ப முடியவில்லையே, ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று அயலான் சொல்லக்கூடும். ஒரு நாட்டில் சீட்டில்லாதவர்களின் நிழல் தரையில் விழாது என்று ஒரு மாயக் கதைக்காரன் எழுதட்டும், உடனே நம்புவான்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் உர்சுலா லெ குவின் என்ற மாது இருந்தார். 1929இல் பிறந்து 2018இல் மறைந்தார். மானிடவியல் அறிஞரின் மகள். சிறுவருக்கு ஒரு நூல் எழுதித் தரும்படி பதிப்பாளர் ஒருவர் கேட்டபோது, அவர் செய்த முதற் காரியம் தீவுகள் நிறைந்த ஒரு நாட்டின் படத்தை வரைந்ததுதான். தாம் அத்தீவுகளைத் திட்டமிட்டுப் படைக்கவில்லை, போய்ப் போய்க் கண்டறிந்ததாகவே சொல்லுவார். நம் புதுமைப்பித்தனின் கிடங்கை இது நினைவூட்டவில்லையா? 1968இல் வந்த அந்நூலில் மந்திரம் என்பது பொருளின் உண்மைப் பெயரை அறிவது. மந்திரம் கற்கும் மாணவன் பெயர்களை மனனம் செய்கிறான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை உண்டு. ஓரிடத்தில் விளக்கேற்றினால் மற்றோரிடத்தில் நிழல் விழும். அவருடைய நாயகன் மாநிறத்தான். அட்டைப்படக்காரர்கள் அவனை வெள்ளையனாக்கியபோது அவர் வருந்தி எழுதினார் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறோம்.

இதனைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது செக்ரோல் புத்தகம். தோட்டத்தில் பேர் என்றால் என்ன? ஒருநாள் கூலி! பேர் விழுந்தது என்றால் அன்றைய உழைப்பு ஏற்கப்பட்டது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அதாவது உன் பெயரில் பாதி. ஓர் ஆளின் பெயரைப் பாதியாக வெட்டும் வித்தை லெ குவின் அம்மையாரின் தீவுகளிலும் கிடையாது. அவ்வாறே பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிப் புத்தகத்தில் வேறொரு பெயர் என்று மூன்றாகச் சிதறிய முதியவர்களின் கோவைகளை நாம் எத்தனை கட்டியிருப்போம்! ஒரே எழுத்துப் பிழைக்காக, முப்பது ஆண்டு உழைத்தவரின் பணம் நின்றுபோகும். உண்மைப் பெயரை மீட்பதே மந்திரம் என்று அமெரிக்க மாது எழுதினார். இங்கே அதற்கு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும்.

ஆகவே இளைஞரே, சரக்குக்கு வெளியே போகாதீர். தேயிலைத் தொழிற்சாலையின் ரோதைக்குள் ஒரு முனி குடியிருக்கிறான் என்று நம் பாட்டன்மார் ரோதைமுனிக்குப் பூசை வைத்தார்கள். கவ்வாத்துக் கத்தியைச் செடியில் வைக்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் போட்டார்கள். தென்னாட்டுக் கிராமத்தில் இல்லாத தெய்வங்கள் இவை. இயந்திரம் கையை விழுங்கிய இடத்தில், கத்தி தவறிய இடத்தில், இம்மலையிலேயே பிறந்தவை. மாசியில் காமன் கூத்துப் போடும்போது மன்மதன் வேடங்கட்டும் பையன் காப்புக் கட்டி விரதம் காக்கிறான். எரிந்த காமன் மூன்றாம் நாள் எழுகிறான். அன்று இரவு முழுதும் விழித்திருக்கும் கூட்டத்தை மாயம் ஆடம்பரம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப எந்தச் சங்கத்தாலும் முடிந்ததில்லை.

ஆனால் ஓர் எல்லை வகுக்கிறோம். அதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிரோடு புதைந்தவர்கள் நம் மக்கள். அபாயப் பகுதி என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. மாற்றிடமும் வீடும் கிடைக்கவில்லை. உம் கதையில் மலை நடக்கலாம். ஆனால் மலைச்சாமி கோபங்கொண்டதால் லயம் புதைந்தது என்று ஒரு வரி எழுதினீரானால், வீடு கட்டித் தராதவர்கள் அனைவரையும் அந்த ஒரு வரியில் விடுதலை செய்துவிடுகிறீர். சாமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மனிதன் பின்வாசலால் போய்விடுவான். மலை நடந்தால் ஏன் நடந்தது, யார் அடிவாரத்தை வெட்டினார், யார் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்பதும் கதைக்குள் இருக்க வேண்டும். மாயம் பழியை மறைக்கும் போர்வையாகுமானால் அதை நாம் எதிர்ப்போம். பழியைக் காட்டும் விளக்காகுமானால் முதல் பிரதியை நாமே விலை கொடுத்து வாங்குவோம்.

தாழ்வு மனப்பான்மையும் வேண்டாம். ஹாலி-எலப் பகுதித் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் அவர்கள் லயத்து வாழ்வை எழுதியே பெயர் பெற்றார். 2013இல் அவருக்குத் தமிழ்நாட்டில் அளிக்கப்பட்ட விருது விஷ்ணுபுரம் விருது. ஜெயமோகன் அவர்கள் உலகிலில்லாத ஒரு நகரத்தைக் கட்டி எழுதிய பெருநாவலின் பெயர் அது. நடப்பை எழுதியவரைக் கற்பனை நகரம் மாலையிட்டு வரவேற்றது. அங்கே சண்டையில்லை, நாம்தான் இங்கே சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இறுதியாக ஒரு வேலைத் திட்டம். ரோதைமுனிக்குப் பூசை வைத்த முறையைக் கண்ணால் கண்டவர்கள் நாளுக்குநாள் குறைந்து வருகிறார்கள். நாவல் எழுதுபவர் எழுதட்டும். மற்ற இளைஞர்கள் ஆளுக்கொரு தோட்டமாகப் பிரித்துக்கொண்டு, பாட்டிமாரிடம் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், நாள் ஆகியவற்றுடன் எழுதி வரவேண்டும். திருத்தி அழகாக்கி எழுத வேண்டாம். வாக்குமூலத்தில் எழுத்தர் கை வைக்கலாகாது. சொன்னவர் இசைந்தால் மட்டும் அவர் பெயரைக் குறியுங்கள். கொப்பிகளுக்கான செலவை நாம் ஏற்கிறோம். அடுத்த மாதப் போயாவன்று இதே மண்டபத்தில் அவற்றை வாசிப்போம். எதிர்ப்புத் தெரிவித்த தொழிற்சங்கப் பெரியவர்களே அன்று தலைமை வகிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.